ஏறும் முன் ஒரு கேள்வி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஏணியைப் பற்றியவை. ஆயுத பூஜைக்கு வீடு கழுவும் காலம்; பரண், ஃபேன், ஒட்டடை என்று எல்லோர் பார்வையும் மேலேயே இருக்கிறது. அதனால் அரசியலும் சினிமாவும் கொஞ்சம் கீழே காத்திருக்கட்டும்.

'பஜார் வாசகர்', கமுதி

கே: "இழுத்தால் பன்னிரண்டு அடி, மடக்கினால் கட்டிலுக்கு அடியில்" என்று டெலஸ்கோப் ஏணி விற்கிறார்கள். நம்பி ஏறலாமா?

ப: ஏறலாம், எதை நம்பி ஏறுகிறோம் என்று தெரிந்திருந்தால். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியல் மாதிரி, குழாய்க்குள் குழாய், அதற்குள் இன்னொரு குழாய். ஒவ்வொரு படியின் இரண்டு ஓரத்திலும் ஸ்பிரிங் வைத்த பின் இருக்கும். இழுத்ததும் அது ஓட்டைக்குள் போய் 'டிக்' என்று உட்காரும். உங்கள் மொத்த எடையும் அந்த 'டிக்'கின் பொறுப்பு. மூங்கில் ஏணிக்கு மடங்கத் தெரியாது. இதற்கு நன்றாகவே தெரியும். நாம் மேலே நிற்கும்போது அந்தத் திறமையைக் காட்டாத ஏணியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

'புது வீட்டுக்காரர்', அபிராமம்

கே: மாடிப்படி இன்னும் கட்டவில்லை. மொட்டைமாடிக்குப் போய்வர 3.8 மீட்டர் ஏணி போதுமா?

ப: கடைக்காரர் ஏணியை அளந்துவிட்டார், நீங்கள் சுவரை அளந்தீர்களா? தளம் பத்தரை அடி, அதன் மேல் கைப்பிடிச் சுவர் 3 அடி என்று வையுங்கள். மொத்தம் பதின்மூன்றரை. 3.8 மீட்டர் என்பது பன்னிரண்டரை அடி. சாய்த்து வைத்தால் அதுவும் பன்னிரண்டாகக் குறையும். ஏணி முடிந்து ஒன்றரை அடிக்கு அப்புறம்தான் சுவரே முடிகிறது. மாடியில் இறங்க வேண்டுமென்றால், கை பிடித்துக்கொள்ள ஏணி இன்னும் 3 அடி மேலே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆக உங்களுக்கு 17 அடிக்கு மேல் தேவை. தினசரி ஏறி இறங்கும் வழிக்கு அவ்வளவு நீளத்தில் மடக்கு ஏணி தேடாதீர்கள். அந்தக் காசில் கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

'ஒட்டடைக் கோல்', பெருநாழி

கே: ஹால் ஃபேனைத் துடைக்க எத்தனை அடி ஏணி வாங்கலாம்?

ப: அடியை விடுங்கள், எதில் சாய்ப்பீர்கள்? ஃபேன் நடு ஹாலில் தொங்குகிறது. சாய்க்கிற ஏணிக்குச் சுவர் வேண்டும். ஏணியை ஃபேன் ராடிலேயே சாய்த்துவிட்டு ஏறும் வீரர்கள் நம் பக்கம் உண்டு. ஃபேனும் அவர்களும் ஒன்றாகத் தரைக்கு வருவார்கள். உங்களுக்கு வேண்டியது ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி விரிந்து தானே நிற்கும் ஏணி. டெலஸ்கோப்பிலும் அந்த ரகம் வருகிறது. பத்தடிக் கூரைக்கு 6 அடி ஏணி போதும். மேல் படியில் நிற்கத் தேவைப்படாது. சுவிட்சை அணைத்துவிட்டு ஏறுங்கள். ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

'ஒல்லி உடம்பு', முதுகுளத்தூர்

கே: என் எடை 72 கிலோ. 150 கிலோ தாங்கும் ஏணி எனக்கு எதற்கு?

ப: ஏணியில் நீங்கள் மட்டுமா ஏறுகிறீர்கள்? 15 லிட்டர் வாளித் தண்ணீர் என்றால் 15 கிலோ. பிரஷ், துணி, சட்டைப் பையில் செல்போன் எல்லாம் கூட வருகின்றன. 90-ஐ நெருங்கிவிட்டது. அமெரிக்கக் கணக்கில் லேசான வீட்டு வேலைக்கான ஏணியே 200 பவுண்டு, அதாவது 90 கிலோ தாங்க வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 131 தரத்தில் வரம்பு 150 கிலோ. அடுத்த தீபாவளிக்கு உங்கள் எடை என்னவாகும் என்று பலகாரத்தைக் கேட்டுச் சொல்லுங்கள். 150-ஐயே எடுங்கள்.

'பேரம் பேசாதவர்', பார்த்திபனூர்

கே: கடையில் நிற்கும்போது நல்ல ஏணியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: முதலில் ஸ்டிக்கர். வெறும் 'ஈஎன் 131' போதாது. டெலஸ்கோப் ஏணிக்கென்று இருப்பது அதன் ஆறாம் பகுதி, 'ஈஎன் 131-6'. ஸ்டிக்கரை எந்த அச்சகமும் அடித்துத் தரும். அதனால் தயாரிப்பாளர் பெயர், சீரியல் நம்பர், தாங்கும் எடை, எச்சரிக்கைப் படங்கள், கையேடு, பில் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து கடையிலேயே முழுசாக இழுக்கச் சொல்லுங்கள். ஒரு படிக்கு இரண்டு 'டிக்' கேட்க வேண்டும். ஒன்று கேட்டால் மறுபக்கம் பூட்டவில்லை. பூட்டியதும் பச்சையும் பூட்டாவிட்டால் சிவப்பும் காட்டும் ஜன்னல் வைத்த ஏணிகளும் உண்டு. கண்ணால் பார்க்க முடிந்தால் காதை மட்டும் நம்ப வேண்டாமே. பிறகு நிமிர்த்தி, ஏறாமல் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இந்த ரகத்துக்கு இயல்பு. படியே திருகினால் திருப்பிக் கொடுங்கள்.

கால் ரப்பர் முழுசாக இருக்க வேண்டும். 3 மீட்டருக்கு மேற்பட்ட ஏணிக்கு அடியில் ஒரு குறுக்குக் கட்டை இருக்கிறதா பாருங்கள். 2018 முதல் ஐரோப்பியத் தரம் கேட்கும் அகலம் அதில்தான் வருகிறது. கடைசியாக மடக்கச் சொல்லுங்கள். மெதுவாக, மூச்சுவிட்டுக்கொண்டு இறங்கினால் நல்ல ஏணி. தடதடவென்று விழுந்தால் விரல் நசுக்கும் ஏணி. அந்தச் சோதனையில் விரலைக் கடைக்காரரே வைக்கட்டும்.

'கரண்டுக்குப் பயந்தவர்', கீழராமநதி

கே: போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர் தாழத் தொங்குகிறது. அலுமினிய ஏணியை ஒட்டி வைத்தால் என்ன?

ப: அலுமினியத்துக்குக் கரண்டைக் கடத்தத் தெரியும், அதற்குக் கம்பியே அலுமினியத்தில்தான் செய்கிறார்கள். தட்டையான மாடியின் மேல் செல்லும் சாதாரண மின்கம்பி செங்குத்தாக இரண்டரை மீட்டரும், பக்கவாட்டில் கட்டடத்திலிருந்து 1.2 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டில் அவ்வளவு இல்லையென்றால் ஏணியை எடுக்காதீர்கள், போனை எடுங்கள்: மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. கம்பி அருகே வேலை என்றால் அது மின்வாரியத்தார் வேலை; அவர்களும் ஃபைபர் ஏணியோடுதான் வர வேண்டும். டெலஸ்கோப் ஏணியில் ஒரு வசதி: மடக்கிய நிலையிலேயே இடத்துக்குக் கொண்டுபோய், மேலே பார்த்துவிட்டு இழுக்கலாம். நீட்டிய ஏணியோடு முற்றத்தில் ஊர்வலம் போக வேண்டியதில்லை.

'ஏணி பிடிக்கும் இல்லத்தரசி', கமுதி

கே: அவர் ஏறும்போதெல்லாம் நான் கீழே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். நியாயமா?

ப: நியாயம்தான், ஆனால் உத்தரவு போடும் உரிமை பிடிப்பவருக்கு. முதலில் சாய்வைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: ஏணிக்காலில் தன் கால்விரலை ஒட்டி நின்று கையை நேராக நீட்டினால் படி உள்ளங்கையில் பட வேண்டும். நாலடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி என்பது அதன் கணக்கு. நீங்கள் பக்கத் தண்டைப் பிடியுங்கள், பூட்டு பட்டன் பக்கம் கை போகவே கூடாது. அவர் தொப்புள் இரண்டு தண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். எட்டாத மூலைக்குத் தாவினால் இறக்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏற்றுங்கள். கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு என்றால் அடியில் அகலப் பலகை போடுங்கள். ஒரு கால் மட்டும் புதைந்தால் பிடித்தும் பயனில்லை. இவ்வளவும் கேட்டுவிட்டு அவர் ஒட்டடை அடிக்க ஆளைக் கூப்பிட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை.

'மாடி மின்சாரம்', பசும்பொன்

கே: கமுதி சோலார் பண்ணையில் பேனல் துடைக்க எத்தனை ஏணி வைத்திருப்பார்கள்?

ப: 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். 2016 செப்டம்பரில் திறந்தபோது உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த அளவு. அதை ஏணி வைத்துத் துடைத்தால் கடைசி வரிசை முடிவதற்குள் முதல் வரிசையில் கத்தரிக்காய் பயிரிடலாம். அங்கே துடைப்பது ரோபோ. அது சார்ஜ் ஏற்றிக்கொள்வதும் சோலாரில். உங்கள் மாடியில் இருக்கும் நாலைந்து பேனலுக்கு நீளக் கம்பு வைத்த துடைப்பான் போதும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தளத்தில் நின்றபடி துடையுங்கள். பேனல் சட்டத்தில் ஏணியைச் சாய்க்கவே கூடாது. தரையில் நின்று முடியும் வேலைக்கு எவ்வளவு நல்ல ஏணியும் தேவையில்லை.

'பனங்காட்டு நரி', சாயல்குடி

கே: எங்கள் ஊர் பனையேறிகள் அறுபதடி மரத்தில் ஏணியே இல்லாமல் ஏறுகிறார்கள். பத்தடிக்கு இத்தனை சட்டமா?

ப: அவர்களிடம் சட்டம் இல்லை என்று யார் சொன்னது? மரத்தில் சாய்த்து வைக்கும் முருக்குத்தடி, காலில் மாட்டும் தளைநார் இரண்டையும் பார்க்காமல் கால் வைக்க மாட்டார்கள். நார் நைந்திருந்தால் அன்றைக்கு ஏற்றமே கிடையாது. நீங்களோ பரணுக்குப் பின்னால் ஒரு வருஷம் தூசியில் கிடந்த ஏணியை இழுத்து, ஒரு பக்கம் மட்டும் 'டிக்' கேட்டதும் ஏறிவிடுகிறீர்கள். பனையேறியின் துணிச்சலை விடுங்கள், அந்தச் சந்தேகத்தைக் கடன் வாங்குங்கள்.

'தேங்காய் எண்ணெய்', மண்டலமாணிக்கம்

கே: ஏணி இழுக்கக் கடினமாக இருக்கிறது. எண்ணெய் விடலாமா?

ப: வேண்டாம். எண்ணெய் விட்டால் புழுதி அப்பிக்கொள்ளும், அது பின்னை முழுசாக உட்கார விடாது. உலர்ந்த துணியால் குழாய்களைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் இழுபடவில்லையென்றால் கையேடு சொல்வதை மட்டும் செய்யுங்கள். குழாயில் சின்ன நசுங்கல் இருந்தாலும் தட்டி நிமிர்த்த வேண்டாம், பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். இரண்டு சுவருக்கு நடுவே பலகையாகப் போட்டு அதன் மேல் நின்று வெள்ளையடிப்பதும் ஏணியைக் கெடுக்க ஒரு குறுக்குவழி.

'நல்ல அண்டை வீட்டார்', திருச்சுழி

கே: வாங்கிய அன்றே பக்கத்து வீட்டார் இரவல் கேட்கிறார். கொடுக்கலாமா?

ப: கொடுங்கள், கூடவே கையேட்டையும் கொடுங்கள். திரும்பி வந்ததும் ஒவ்வொரு படியாக இழுத்து இருபக்க 'டிக்'கையும் எண்ணிப் பாருங்கள். அவர் தப்பாக நினைப்பாரே என்று கூசினால், அடுத்து ஏறுவது நீங்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

'அரசியல் நோக்கர்', அருப்புக்கோட்டை

கே: ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பவர்களைப் பற்றி?

ப: இறங்குவதற்கும் அதே ஏணிதான் வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்து இருக்கட்டும். ஊரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் கடைசிப் படியைத் தவறவிடுகிறார்கள்.