பேக்கப் எடுத்தாச்சு சார்!

டேட்டாபேஸ் நிர்வாகி என்று என் விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறது. கல்யாண வீடுகளில் உறவினர்கள் போனை நீட்டி, "அழிஞ்சுபோன போட்டோவை எடுத்துக் குடுப்பா" என்பார்கள். இது என் வேலையில்லை என்று நழுவிவிடுவேன். யோசித்துப் பார்த்தால் என் தொழிலைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான். ஒருவர்கூட இதுவரை "பேக்கப் எடுத்துக் குடு" என்று கேட்டதில்லை. போனது திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான்.

ஆபீஸில் நிலைமை தலைகீழ். அங்கே எல்லோருக்கும் பேக்கப் எடுப்பதில்தான் பிரியம். ராத்திரி 2 மணிக்குத் தானாக கிரான் ஓடும், தேதி போட்ட ஃபைல் ஒன்று விழும், காலையில் 'வெற்றி' என்று மெயில் வரும். வருஷத்துக்கொரு முறை ஆடிட்டர் வருவார். "பேக்கப் எடுக்கிறீங்களா?" "எடுக்கிறோம் சார்." பச்சை டிக்கை ஒரு ஸ்கிரீன்ஷாட் பிடித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போவார். எடுத்ததைத் திறந்து பார்த்ததுண்டா என்ற கட்டம் அவர் கொண்டுவந்த படிவத்தில் இருக்காது.

புதிதாகச் சேர்ந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) நான் முதலில் பேக்கப் ஃபோல்டரைத்தான் திறந்தேன். ஒரு நாள் தவறாமல் ஃபைல்கள். பார்க்கவே கண் நிறைந்தது. அளவைப் பார்த்தேன். எல்லாமே 20 பைட்.

மைஎஸ்கியூஎல் டம்பை அப்படியே ஜிஜிப்புக்குள் பைப் போட்டு விட்டிருந்தார்கள். எப்போதோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து டம்ப் வாசற்படியிலேயே விழுந்துகொண்டிருக்கிறது. ஜிஜிப்புக்கு அதைப் பற்றி என்ன? ஏதாவது வந்தால் சுருக்கும், ஒன்றும் வராவிட்டால் அந்த ஒன்றுமில்லாததைச் சுருக்கும். ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் சரியாக 20 பைட் வரும். வரிசையில் கடைசியாக ஓடிய கட்டளை ஜெயித்ததா என்று மட்டும்தான் ஷெல் பார்க்கும். ஜெயித்திருந்தது. ஆகவே மெயில்: 'வெற்றி'. இந்தச் சூனியத்தைத் தினமும் என்கிரிப்ட் செய்து, வேறு ஊர் டேட்டா சென்டருக்கு அனுப்பிக் காவலும் போட்டிருந்தார்கள். என்கிரிப்ட் செய்த சாவி எங்கே என்று கேட்டேன். அதே டேட்டாபேஸில் ஒரு டேபிளில் இருந்தது. பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சாவி பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிற ரகம்.

இதெல்லாம் நம்ம ஊர் ஆட்கள் மட்டும் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை எங்கள் தொழிலில் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறோம். ராத்திரி நேரம், களைத்துப்போன ஓர் இன்ஜினியர், உபரி சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் போஸ்ட்கிரெஸ் ஃபோல்டரை அழிக்க ஆரம்பித்தார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்திவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிச்சம் இருந்தது 4.5 ஜிபி.

பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே? இருந்தது, ஒன்றல்ல, பல வகையில். டேட்டாபேஸ் 9.6, அதை டம்ப் எடுக்கும் கருவியோ 9.2, பழசு புதுசைத் தொட மறுத்து நின்றுவிட்டது. அதனால் பேக்கப் போய்ச் சேரவேண்டிய எஸ்3 கிடங்கு துடைத்துவைத்த மாதிரி காலி. தோல்வியைச் சொல்லக் கிளம்பிய மெயில்களை, அனுப்பியது யாரென்று உறுதியில்லை என்று மெயில் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தது, டேட்டாபேஸ் சர்வருக்கு மட்டும் போடப்படவில்லை. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? அதே இன்ஜினியர், சம்பவத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறு ஏதோ சோதனைக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதை மெதுவான டிஸ்க்கிலிருந்து நகலெடுத்து முடிப்பதற்குள் விடிந்து, சைட் எழுந்து நிற்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. இத்தனையையும் அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அதற்கு ஒரு கும்பிடு. நாமாக இருந்தால் 'பராமரிப்புப் பணி' என்று போர்டு மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்போம்.

"எங்களுக்கு ரெப்ளிகா இருக்கு, பேக்கப் எதுக்கு?" என்று, உடனுக்குடன் நகலெடுக்கும் இன்னொரு சர்வரைக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு. ரெப்ளிகா மகா விசுவாசி. இங்கே ஒரு டேபிளை நீங்கள் அழித்தால், அடுத்த நொடியே அங்கேயும் அழித்துவிட்டுத்தான் மூச்சு விடும்.

இதற்கு மருந்து உண்டு. முழு பேக்கப்பைப் போட்டு, அதன்பின் நடந்த மாற்றங்களின் லாக்கை அதன்மேல் ஓட்டி, விபத்துக்கு ஒரு நொடி முன்னால் நிறுத்திவிடலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்று தெரியவேண்டுமே! ஒருமுறை, நிபந்தனை போடாமல் டெலீட் அடித்து ஒரு டேபிளையே காலி செய்த பையனைக் கேட்டேன்.

"எப்பப்பா நடந்துச்சு?"

"தெரியல சார். டீ குடிச்சுட்டு வந்தப்புறம்."

"எந்த டீ?"

பையன் விட்டத்தைப் பார்த்தான். அன்று டீக்கடை ஜிபே ரசீதிலிருந்துதான் நேரத்தைக் கண்டுபிடித்தோம்.

ரீஸ்டோர் ஓடும்போது நாற்காலிக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்கும். வழக்கமாக என் பெயரே தெரியாத இயக்குநர்கூட வந்து தோளில் கை வைப்பார். "பேக்கப் அரை மணியில முடியுதே, இது ஏன் இவ்வளவு நேரம்?" டம்பில் தரவுதான் இருக்கும், இண்டெக்ஸ்களை முதலிலிருந்து கட்டவேண்டும், உறவு விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவேண்டும். இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்."

மார்ச் 31ஐ உலக பேக்கப் தினம் என்று கொண்டாடுகிறார்கள். ரீஸ்டோர் தினம் எப்போது என்று கேட்டால், மறுநாள் ஏப்ரல் 1 என்பேன்.

டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, முக்கியமான டேபிளில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தயவுசெய்து வேறு சர்வரில் செய்யுங்கள். மைஎஸ்கியூஎல் டம்ப் ஒவ்வொரு டேபிளையும் உருவாக்குவதற்கு முன், அதே பெயரில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்.