முடிச்சுப் போடப் போற பேரனுக்கு அப்பாரு சொல்ற புத்தி

ஏங்கண்ணு, அடுத்த 'மங்கி ஐலண்ட்' கம்ப்யூட்டர் ஆட்டம் வந்தா அதுக்குப் புதிர் கட்டப் போறவன் நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கிறயாமா? நெம்ப நல்ல சோலி. காசையும் வாங்கிக்கிட்டு, காசு குடுத்தவனை ராத்திரி பூராத் தூங்கவும் விடாம அடிக்கற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? உன்ற அப்பன் பேங்க் வேலைக்குப் போகச் சொல்றான். அங்கயும் இதே சோலிதான். என்ன, குரங்கு மட்டும் இருக்காது.

சித்தெ உக்காரு. நீ காலேசுக்குப் போன பொறவு உன்ற பழைய கம்ப்யூட்டர்ல இருந்ததையெல்லாம் ஆடித் தீத்தது யாருங்கற? வெள்ளாமை இல்லாத கிழவனுக்கு வேற பொழப்பென்ன? அதுங்காட்டி நாலு புத்தி சொல்றேன். பெரியவன் சொன்னான்னு அப்படியே செஞ்சு போடாதே. எது நெசம், எது நக்கல்னு பிரிச்சுப் பாக்கறதுதான் உனக்கு மொதப் பரீட்சை.

மொதப் புத்தி, ஆடறவனைக் கொன்னு போடு. புதிர் யோசிக்க மூளை வேணும், கொல்றதுக்கு ஒரு மலையுச்சி போதும். அமெரிக்காவுல சியரான்னு ஒரு கம்பெனி இதுல கரைகண்டது. ராபர்ட்டா வில்லியம்ஸ் அம்மா 1984-ல தொடங்குன 'கிங்ஸ் குவெஸ்ட்' வரிசையில அஞ்சாம் பாகம் 1990-ல வந்துச்சு. அதுல கிரஹாம் ராஜா கையில ஒரு கஸ்டர்டு பலகாரம் இருக்கும். மலையேறறப்போ அவருக்குப் பசிக்கும். பசிச்சவன் பலகாரத்தைத் திங்கறது நியாயந்தானே? தின்னு போட்டா, அக்கட்டால யெட்டிப் பூதம் வழிமறிக்கறப்போ அது மூஞ்சியில வீச ஒண்ணுமிருக்காது. பூதத்து மூஞ்சியில பலகாரத்தை வீசோணும்னு எந்த மகராசனுக்கு முன்கூட்டியே தோணும்?

அதே ஆட்டத்துல ஒரு பூனை எலியைத் தொரத்திக்கிட்டு உன்ற முன்னால ஓடும். கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஒரு பழைய பூட்ஸைத் தூக்கி எறிஞ்சு எலியைக் காப்பாத்தோணும். காப்பாத்தலைன்னா, பின்னால உன்னைக் கட்டிப் போடறப்போ கயித்தைக் கடிச்சு உட அந்த எலி வராது. ஆட்டம் பூனை ஓடுனப்பவே முடிஞ்சு போச்சு. ஆனா அது வாயைத் தொறந்து சொல்லாது. செத்துப் போன வெவரம் தெரியாமயே நீ ஊரெல்லாம் சுத்திக்கிட்டு இருப்பே.

இதெல்லாம் சரிப்படாதுன்னு 1989-ல ஒருத்தர் கட்டுரையே எழுதிப் போட்டாரு. ரான் கில்பர்ட்னு பேரு. அவரும் 1987-ல 'மேனியாக் மேன்ஷன்' பண்ணுனப்போ ஆளைக் கொன்னவர்தான், அதனால வலி எங்கேன்னு தெரிஞ்சிருந்துது. ஆடறவனைக் காரணமில்லாமக் கொல்லாதே, திரும்பி வர முடியாத சந்துல தள்ளி உடாதே, பூட்டைக் காட்டறதுக்கு முன்னாடி சாவியைக் கையில திணிக்காதே, புதிரை அவுத்தா கதை ஒரு அடியாச்சும் நகரோணும். இதுதான் சாரம். அடுத்த வருசம், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ்ல 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' பண்ணுனாரு. அதுல நாயகனா வர்ற நம்ம கைப்ரஷ் திரீப்வுட் மலையுச்சியில இருந்து உழுவான். சியரா ஆட்டத்துல வர்ற சாவு அறிவிப்பு மாதிரியே ஒண்ணு வந்து நிக்கும். ஆடறவன் நெஞ்சு பதறும். அதுக்குள்ள பய கீழ இருக்கற ரப்பர் மரத்துல பட்டுத் துள்ளி மேல வந்து நிப்பான். எதிர்க்கட்சிக்காரனைத் திட்டாமயே மானத்தை வாங்கறதுன்னா அதுதான் கண்ணு. நெசமாச் சாகறதுக்கு ஒரே ஒரு வழி வெச்சிருக்காங்க. அவனால பத்து நிமிசம் மூச்சடக்க முடியும். தண்ணிக்கடியில பத்து நிமிசம் ஒண்ணுஞ்செய்யாம உக்காந்திருந்தாச் சாவான். அவ்வளவு நேரம் சும்மா இருக்கறவனுக்கு அது தேவைதான்.

ரெண்டாவது புத்தி, உன்ற புத்திசாலித்தனத்தைக் காட்டு. ஆடறவனுக்கு வெளங்குதா இல்லையாங்கற கவலை உனக்கெதுக்கு? 1991-ல வந்த ரெண்டாம் பாகத்துல அதே கில்பர்ட் ஒரு வேலை பண்ணுனாரு. ஒரு தீவுல பியானோ வாசிக்கற குரங்கு. தாளம் காட்டற கருவி மேல வாழைப்பழத்தை வெச்சா, அதைப் பாத்துக்கிட்டே குரங்கு விறைச்சுப் போகும். அதைத் தூக்கிக்கிட்டு வேற தீவுக்குப் போயி, அருவிகிட்ட இருக்கற பம்பைத் திருகறதுக்கு ஸ்பேனராப் பயன்படுத்தோணும். ஏன்னு கேக்கறயா? அமெரிக்காக்காரன் ஒரு வகை ஸ்பேனருக்கு வெச்ச பேருல குரங்கு இருக்குது, அவ்வளவுதான். இங்கிலாந்துக்காரனே முழிச்சான். அது மோசமான புதிர்னு பின்னால கில்பர்ட்டே ஒத்துக்கிட்டாரு. நீயும் இந்த மாதிரி ஒண்ணு கட்டாயம் வெச்சிரு. முப்பது வருசம் கழிச்சும் உன்ற பேரைச் சொல்லுவாங்க. எப்படிச் சொல்லுவாங்கன்னு மட்டும் கேக்காதே.

அதே ஆளுக மொதப் பாகத்துல கட்டுன வாள்சண்டையைப் பாத்தயா? அங்க சண்டைன்னா கத்தி இல்லை, நாக்கு. எதிரி ஏசோணும், நீ அதுக்கு நறுக்குன்னு பதில் குடுக்கோணும். ஆட்டம் தொடங்கற 'மெலே'ங்கற தீவுப் பாதையில போற வர்ற கொள்ளைக்காரனோட மோதித் தோத்துத் தோத்தே ஏச்சையும் பதிலையும் படிச்சுக்குவே. மாடு மேய்க்கறவனா நெனைச்சு ஒருத்தன் உன்னை ஏசுவான், அப்போ மாடு நீதான்னு திருப்பி உடற பதில் ஒண்ணு கிடைக்கும். எல்லாம் படிச்சாச்சுன்னு மார்தட்டிக்கிட்டு வாள்வாத்தியார் கார்லாகிட்டப் போனா, அந்தப் புள்ளை நீ கேள்விப்படாத ஏச்சாப் பேசும். உன்ற ரத்தத்தை ஒரு சொட்டு உடாமக் கறந்து போடுவேங்கும். முழிக்காதே. கறக்கறதுன்னா மாடுதானே? அந்தப் பழைய பதிலே சோடி சேந்துக்கும். மனப்பாடம் பண்ணுனவனை அந்த எடத்துல ஒரே நொடியில யோசிக்க வெச்சுட்டாங்க.

நம்மூருல விடுகதை போடற கிழவிக்கும் இந்த நாயந்தான். விடையைச் சொன்னதும் கேட்டவன் தன்ற தலையில அடிச்சுக்கோணும், கிழவி தலையில அடிக்கப் போகப்படாது. கார்லாகிட்டத் தோத்தவன் தன்னைத் திட்டிக்குவான். குரங்கை ஸ்பேனராக்கச் சொன்னப்போ, எழுதுனவனைத் திட்டுனான். உன்ற தொழில் ரகசியம் இதுக்கு மேல ஒண்ணுமில்லை கண்ணு.

மூணாவது புத்தி, புதிரு தோணலைன்னா நோட்டும் பென்சிலும் எடுக்க வெச்சிரு. 2000-ல நாலாம் பாகம் வந்துச்சு. அதுல 'மங்கி காம்பாட்'னு ஒரு கூத்து. குரங்குச் சண்டைக்கு அஞ்சு நிலை, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாற மூணு மூணு குரங்குச் சத்தம். எந்தச் சத்தம் எதுக்குங்கறது ஆளுக்கு ஆள் மாறும். ஏச்சுச் சண்டையில சொல்லுக்கு அர்த்தம் இருந்துச்சு, அர்த்தத்தைப் புடிச்சு விடைக்குப் போகலாம். இதுல அர்த்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை, கணக்குப்புள்ளை வேலைதான் மிச்சம்.

கில்பர்ட் புதிர் கட்டறதுக்கு ஒரு படம் போடுவாரு. எந்தப் புதிர் அவுந்தா எந்தப் புதிர் தொறக்கும்னு கோடு போட்டுக் காட்டற படம். கடைசியில இருந்து பின்னால எழுதிக்கிட்டு வரோணும். மொதப் பாகத்துல கைப்ரஷுக்கு வாள், திருட்டு, புதையல்னு மூணு சோதனையை ஒரே நேரத்துல தொறந்து உட்டது அந்தக் கணக்குலதான். ஒண்ணுல மாட்டுனவன் இன்னொண்ணுக்குப் போயிக்கலாம், போன எடத்துல மொதப் புதிருக்கு விடை தட்டுப்படவும் படலாம். ஒரே கோடாப் போட்டயானா மாட்டுனவன் சிஸ்டத்தை அணைச்சுட்டுச் சோறு திங்கப் போயிருவான். திரும்பி வருவான்னு எதிர்பாக்காதே, சாப்பிட்டா எனக்குத் தூக்கம் வந்துரும்.

நாலாவது புத்தி, ரசிகன் சொல்றதையெல்லாம் கேளு. குறிப்பா, பழசு மாதிரியே வேணும்ங்கறானே, அவன் சொல்றதை. அப்பறம் எந்தப் பழசுன்னு அவனையே கேட்டுப் பாரு. மொதப் பாகம் பதினாறு வண்ணத்துல வந்து, பொறவு 256 வண்ணமாச்சு. 1997-ல மூணாவது கையில வரைஞ்ச கார்ட்டூன். நாலாவது முப்பரிமாணம், மவுஸைப் புடுங்கிக்கிட்டுக் கீபோர்டைக் குடுத்தாங்க. 2009-ல டெல்டேல் கம்பெனி அஞ்சு தவணையா உட்டுச்சு. மொதல்ல பன்னெண்டு வினைச்சொல்லு திரையடியில இருந்துது, ரெண்டாவதுல ஒன்பது, மூணாவதுல ஒரு காசு மேல கை, மண்டையோடு, கிளின்னு சுருங்கிப் போச்சு. ஒரு பாகமும் இன்னொரு பாகத்தோட சட்டையைப் போட்டுக்கலை. ஆனாலும் 2022 ஏப்ரல் ஒண்ணாந்தேதி கில்பர்ட் திரும்ப வர்றேன்னு சொல்லி, பொறவு ரெக்ஸ் க்ரோலோட புது ஓவியத்தைக் காட்டுனப்போ என்னா ஏச்சு! மனுசன் பொறுக்கமாட்டாமத் தன்ற வலைப்பக்கத்துல கருத்துப் போடற எடத்தையே சாத்திப் போட்டாரு. ஏச்சுச் சண்டையை உலகத்துக்கே கத்துக்குடுத்தவருக்கு வந்த வினையைப் பாரு. ஒரு வித்தியாசம், இவனுக ஏச்சுல நகைச்சுவை கிடையாது.

அந்த 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' 2022 செப்டம்பர் 19-ல வந்துச்சு. கில்பர்ட்டும் கிராஸ்மனும் சேந்து எழுதுனது. அதுல நீ கத்துக்க வேண்டிய சங்கதி ஒண்ணு இருக்குது. அந்தக் காலத்துல மாட்டிக்கிட்டவன் கம்பெனிக்குக் காசு குடுத்து போன் பண்ணி விடை கேப்பான். முடிச்சுப் போட ஒரு காசு, அவுக்க ஒரு காசு, செட்டித்தனம்னா இதுதான்! மொதப் பாகத்துல ஒரு மரக்கட்டையைப் பாத்தா இல்லாத பிளாப்பி நம்பரைச் சொல்லி அதைப் போடச் சொல்லும். வெறும் கேலிக்கு வெச்சது. ஜனங்க நெசம்னு நம்பிப் போன் பண்ணித் தொலைச்சதுல, பின்னால வந்த பதிப்புல அதை எடுத்தே போட்டாங்க. இப்ப 2022-ல கைப்ரஷோட பையிலயே குறிப்புப் புத்தகம் சும்மாக் கிடக்குது. கேட்டா மொதல்ல கோடி காட்டும், இன்னும் கேட்டா இன்னுங்கொஞ்சம், கடைசியிலதான் விடை. லேசு, கடுசுன்னு ரெண்டு வழியும் வெச்சிருக்காங்க. உங்கூட்டாளிக எல்லாம் கடுசுன்னு நெஞ்சை நிமித்துவானுக. கடுசை எடுத்துக்கிட்டு, இன்னொரு சன்னல்ல யூடியூப்பைத் தொறந்து வெச்சிருக்கறதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்.

இனிமே என்னன்னு கேட்டயா? நாலு பேர் சேந்து ஆடட்டும்பாங்க. 2023-ல 'சீ ஆஃப் தீவ்ஸ்'ங்கற கூட்டு ஆட்டத்துக்குள்ள மங்கி ஐலண்டைக் கொண்டு போயும் பாத்தாங்க. ஒருத்தன் யோசிக்கறப்போ மிச்ச மூணு பேரும் மேசை மேல ஏறிக் குதிப்பானுக, அதையும் கணக்குல வெச்சுக்கோ. ஏஐ-யை வெச்சு ஒவ்வொரு கொள்ளைக்காரனையும் சுயமாப் பேச உடலாம்பாங்க. உடு, நல்லாப் பேசட்டும். ஆனா எதை வேணா பேசலாம்னா, எந்தப் பதிலும் சரியான பதிலா நிக்காது. கறக்கறேன்னவளுக்கு மாடுங்கற பதில் பொருந்துச்சுன்னா, ரெண்டு வரியையும் ஒரு மனுசன் எதிர எதிர வெச்சுப் பாத்து எழுதுனான். அந்த மனுசன் இடத்தை உட்டுக் குடுக்காதே, அது உன்ற சம்பளம்.

இன்னொண்ணு. தலைப்புலயே ரகசியம்னு போட்டு வெச்சு, 1990-ல இருந்து 2022 வரைக்கும் ஜனங்களைக் காக்க வெச்சாங்க. கடைசியில கைப்ரஷ் தன்ற மகன்கிட்டக் கதை சொல்றான், அந்த ரகசியப் பொட்டிக்குள்ள என்னன்னு நான் சொல்லமாட்டேன். பாத்தவங்கள்ல பாதிப் பேரு கும்புட்டாங்க, பாதிப் பேரு மண்ணை வாரி எறைச்சாங்க. முப்பது வருசம் காத்திருந்தவனுக்கு எந்த விடை பத்தும்? பெரிய ரகசியம் ஒண்ணைச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு மாட்டிக்காதே. சின்னச் சின்ன முடிச்சை நாயமாப் போட்டு, நாயமா அவுத்துக் காட்டு.

இவ்வளவும் கேட்டுக்கிட்டயா? சரி, இப்ப உனக்கு மொதப் புதிர். 2012-ல லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கிப் போட்டுது, மங்கி ஐலண்டும் அவங்க பொட்டிக்குள்ளதான் இருக்குது. அதைப் படைச்ச கில்பர்ட்டே ரெண்டாம் பாகத்துக்குப் பொறவு வெளிய போயி, முப்பது வருசம் கழிச்சு அவங்க அனுமதியோடதான் அடுத்ததை வெளியிட முடிஞ்சுது. அந்த வக்கீலுக கதவை எப்படித் தொறப்பேன்னு யோசி. அதுக்குக் குறிப்புப் புத்தகம் யாரும் எழுதலை கண்ணு.