நெய் பூசிய ஆங்கிலம்

அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்துப் புகழ்ந்தார். இங்கே வேல்கள் பீலி சூட்டி, நெய் பூசிப் பளபளக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த வழியில் எங்கள் கடலூர் மாவட்டப் பெண்ணாடம் பக்கத்துப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைப் புகழப்போகிறேன். இதிலும் பொய் இருக்காது.

முதலில் கையெழுத்து. நாலு கோடு நோட்டில் எழுதி எழுதிப் பழகிய எழுத்து. அச்சடித்தது போல இருக்கும். அடுத்தது நினைவாற்றல். கேள்வி பதில், பாராகிராஃப், மனப்பாடப் பாடல் எல்லாம் கமா பிசகாமல் வரும். லீவு லெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று சின்ன வகுப்பில் கற்ற வரி கல்லூரி வரை கூடவே வருகிறது. அக்காவுக்குக் கல்யாணமோ, வயலில் கரும்பு வெட்டோ, பாட்டிக்கு முடியவில்லையோ, தாளில் மட்டும் எல்லோருக்கும் காய்ச்சல்தான். வீட்டில் என்ன நடந்தது என்று சொந்தமாக இரண்டு வரி எழுதி எந்தப் பிள்ளையும் ஆசிரியரின் நேரத்தை வீணாக்கியதில்லை.

தேர்வும் போற்றத்தக்கது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், முழுக்க எழுத்து. வாயே திறக்காமல் ஒரு மொழியில் முதலிடம் வாங்க முடிகிறது. பெற்றோரின் தியாகமும் பெரிது. ஆலையிலிருந்து கரும்புப் பணம் வரத் தாமதமானாலும் வட்டிக்கு வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்துக்குப் பீஸ் கட்டிவிடுகிறார்கள். தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளில் ஒழுக்கம் இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் பேச வராது, தமிழில் பேசக் கூடாது. அதனால் வகுப்பறை அத்தனை அமைதியாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் மேலானது மரியாதை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்த்திருக்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை டிப்ளமோ முடித்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போகிறான். மேற்பார்வையாளர் ஒரு வேலையைச் சொல்கிறார். பாதி புரியவில்லை. ஆனாலும் 'யெஸ் சார்' என்கிறான். தலையையும் பக்கவாட்டில் ஆட்டுகிறான். அந்தத் தலையாட்டலை வேற்று நாட்டுக்காரர் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளக்கூடும்; மேற்பார்வையாளரோ 'யெஸ்' என்பதைப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். வேலை தப்பாகிறது. பக்கத்தில் நிற்கும் பிலிப்பைன்ஸ்காரரும் வங்காளதேசக்காரரும் இலக்கணம் தடுமாறினாலும், 'இது புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்' என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். நம் பையனுக்கும் வார்த்தைகள் தெரியும். அவற்றை வெளியே எடுக்க யாரும் அவனைப் பழக்கவில்லை.

புகழ் இதோடு போதும். பழி யாருக்கு என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளுக்கு அல்ல, மதிப்பெண்ணை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நமக்கு. ஆங்கிலம் நமக்குப் புதிதும் அல்ல. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது 1690இல். ஆங்கிலத்தோடு இந்த மாவட்டத்துக்கு முந்நூறு ஆண்டு தாண்டிய உறவு. இன்னும் அதை எசமானின் பொருளைப் போலத் தொடப் பயந்து நிற்கிறோம்.

இத்தனைக்கும் கேள்வியால் கல்வியை வளர்த்த மரபு இந்த ஊருக்கு உண்டு. சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் தந்தை அச்சுத களப்பாளர் பெண்ணாடத்துக்காரர் என்கிறது சைவ மரபு. திருவெண்ணெய்நல்லூரில் சிறுவராக இருந்த மெய்கண்டாரிடம், வயதிலும் படிப்பிலும் மூத்த அருணந்தி சிவாசாரியார் ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்டார். மெய்கண்டார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நீர் நிற்கும் நிலையே அது என்பது அந்தப் பார்வையின் பொருள். பெரியவர் புரிந்துகொண்டு சிறுவருக்கே மாணவரானார். கேட்கவும் பதில் சொல்லவும் அந்த மரபில் வயது தடையாக இருந்ததில்லை.

அந்த மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை 1895இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் ஜே. எம். நல்லசுவாமி பிள்ளை, ஒரு மாவட்ட முன்சீப். கோர்ட்டுக்கும் உத்தியோகத்துக்கும் கற்ற ஆங்கிலத்தை, அந்த நூலின் பன்னிரண்டு சூத்திரங்களை வெளியுலகுக்குச் சொல்லப் பயன்படுத்தினார். 1897இல் 'சித்தாந்த தீபிகை' இதழையும் தொடங்கினார். அவரிடம் சொல்ல ஒரு பொருள் இருந்தது. அதைத் தமிழில் ஆழமாகக் கற்றிருந்தார். பிறகுதான் ஆங்கிலம்.

நம் பிள்ளைகளிடமும் சொல்ல நிறைய இருக்கிறது. இன்டர்வியூவில் உன்னைப் பற்றிச் சொல் என்றால் 'பாசிட்டிவ் ஆட்டிட்யூட், ஹார்ட் ஒர்க்' என்று எல்லோரும் ஒரே பதிலை ஒப்பிக்கிறார்கள். ஆலையின் கட்டிங் ஆர்டருக்குக் காத்திருந்து கரும்பு காய்ந்ததையும், வெட்டாள் தேடி அப்பாவோடு அலைந்ததையும் ஒருவன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஆங்கில வகுப்பில் தினமும் பத்து நிமிடம் பிள்ளைகள் பேசட்டும். நேற்று வீட்டில் நடந்ததை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். வார்த்தை வராத இடத்தில் தமிழ் வரட்டும். தப்பு வந்தால் யாரும் சிரிக்கக் கூடாது, ஆசிரியர் நடுவில் நிறுத்தக் கூடாது. 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்பதை முதல் நாளே கற்றுக்கொடுங்கள். பொதுத்தேர்வில் பேச்சுக்கும் மதிப்பெண் வைக்கும்படி அரசைக் கேட்போம். அது வரும்வரை, பெண்ணாடத்தில் ஒரு பள்ளி, ஒரே ஒரு ஆசிரியர், நாளைக் காலையே தொடங்கிவிடலாம்.