அங்க கிளைமேட் எப்படி?

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் எங்கள் வீட்டில் யாரும் "ஹலோ" சொல்வதில்லை. "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் எடுப்போம். மதுரையிலிருந்து சித்தப்பா மகன்.

"அண்ணே, நல்லாயிருக்கீங்களா? அங்க கிளைமேட் எப்படிண்ணே?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே இரண்டு வளைவு ஏறினால் என் வீடு. 22 வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். ஜூன் முதல் பிப்ரவரி வரை நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று விசாரிக்க ஒரு நாதி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை பிய்த்துக்கொண்டு கொட்டும். மரம் விழுந்து கரண்ட் போய், மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரசம் எது, காப்பி எது என்று மோந்து பார்த்து ஊற்றுவோம். அப்போதெல்லாம் எந்தத் தம்பிக்கும் கிளைமேட்டில் அக்கறை வந்ததில்லை. மதுரைத் தெருவில் நுங்கு வண்டி தலைகாட்டிய மறுநாள் பாருங்கள், பாசம் வைகையில் வெள்ளம் மாதிரி வரும். வைகையில் வராவிட்டாலும் இது வரும்.

இந்த வருஷக் கோடை ஏரிப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டால் போன் தொல்லை குறையும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கடைசியில் கட்டாயம் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்னப் புலம்பல்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று கிடையாது. "குளிருது" என்றால், "ஐயையோ, சின்னவனுக்குச் சளி பிடிச்சுக்குமேண்ணே" என்பார்கள். "வெயில் அடிக்குது" என்றால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அப்புறம் மெதுவாக, "என்னண்ணே, நீங்களே இப்படிச் சொல்றீங்க" என்று வரும், கல்யாண வீட்டில் பந்தி முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது போல. "மழை" என்றால், "ஏரியில போட்டிங் விடுவாங்கல்ல?" ஒருமுறை பொறுக்க முடியாமல், "தம்பி, கிளைமேட்டுங்கிறது முப்பது வருஷச் சராசரி. இன்னைக்கு அடிக்கிற மழையும் வெயிலும் வெதர்" என்று பாடம் எடுத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, அந்த முப்பது வருஷம் சனிக்கிழமை எப்படி இருக்கும்?" என்றான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "மிஸ்ட் இருக்காண்ணே?" என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. கடையில் ஐஸ் இருக்கா என்று கேட்கிற அதே குரல். மிஸ்ட் வேண்டும், ஆனால் தூண் பாறைக்கு முன்னால் வேண்டாம். கோக்கர்ஸ் வாக்கில் இடுப்பளவுக்கு வேண்டும், முகத்துக்கு வந்தால் போட்டோவில் மாமியார் தெரியமாட்டார். ஏரியின்மேல் மெல்லிசாக, பால் ஆடை மாதிரி. அதுவும் ஒன்பது மணிக்கு மேல், ஏனென்றால் அதற்கு முன் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. வட்டக்கானல் போகும் வழியில் கொஞ்சம் அடர்த்தியாக, ரீல்ஸ் எடுக்க. மலைப்பாதையில் கார் ஏறும்போது கூடவே கூடாது, பயம். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, ஆண்டவன் புண்ணியத்தில் மிஸ்ட்டும் வந்து, தூண் பாறைக்கு அழைத்துப் போனால் அங்கே வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல் ஒரே வெளுப்பு. டிக்கெட் எடுத்து நின்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "பாறை எங்கண்ணே?" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் என்னவோ ராத்திரியே வந்து பாறையை உள்ளே எடுத்து வைத்துவிட்ட மாதிரி. 400 அடிப் பாறை, அங்கேதான் நிற்கிறது. "கொஞ்ச நேரத்துல விலகிடும்" என்பேன். விலகாது. "காலையிலேயே வந்திருக்கணும்" என்பேன். காலையில் எழுப்பியது யார், எழுந்திருக்காதது யார் என்ற பேச்சு தொடங்கும். அது தொடங்கியதும், பாருங்கள், மிஸ்ட் விலகும். அப்போது எல்லோரும் மாங்காய்க் கடையில் நிற்பார்கள்.

மத்தியான மழைக்கும் நானே பொறுப்பு. உண்மையில் அதற்குப் பொறுப்பு அவர்கள் ஊர் வெயில். வத்தலக்குண்டிலும் பெரியகுளத்திலும் காய்கிற காற்று சூடேறிச் சும்மா இருக்காமல் மலைச்சரிவில் ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகி, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் தலைக்கு மேல் வந்து இடிக்கும். நாங்கள் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. மதுரை நாற்பதில் வேகும்போது இங்கே இருபதும் சொச்சமும் இருப்பதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆனால் "சூப்பரா இருக்குப்பா" என்று போனில் சொல்லும்போது, ஃபிரிட்ஜைத் திறந்து காட்டும் கடைக்காரன் மாதிரி எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. அந்த அற்பப் பெருமைதான் வினை.

இந்திய வானிலைத் துறை பிப்ரவரி கடைசியில் கோடைக்கான முன்னோட்டம் வெளியிடுகிறது. செயற்கைக்கோளும் சூப்பர் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு அவர்களே "இயல்பைவிட அதிகமாக இருக்க வாய்ப்பு உள்ளது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜன்னலும் மொட்டை மாடியும் மட்டும் உள்ள நான் வாய்ப்பு என்று சொன்னால் மட்டும் யாரும் ஏற்பதில்லை. "உங்க ஊர்லதான் பெரிய அப்சர்வேட்டரி இருக்கே, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றான் தம்பி. இருக்கிறது, 1899-ல் தொடங்கியது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் எவர்ஷெட் கண்டுபிடித்ததும் இங்கேதான். பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி என்ன நடக்கிறது என்று சொல்வார்கள். போட்டிங் போகையில் குடை வேண்டுமா என்று அவர்களிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில், "நல்லாத்தான் இருக்கு, வாங்க" என்றேன். ஒன்பது பேர், இரண்டு கார். மூன்று நாளும் சரியாக இரண்டு மணிக்கு மழை. இ-பாஸ் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். 2024 மே 7-லிருந்து அது இல்லாமல் மேலே ஏற முடியாது. அடுத்த வருஷக் கோடையில் வார நாளுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 6,000 என்று நீதிமன்றமே எண்ணிக்கை வகுத்தது. ஏரியைச் சுற்றி இருப்பதே ஐந்து கிலோமீட்டர் ரோடு. 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து இந்த ஏரியை வெட்டியபோது, அதைச் சுற்றி இவ்வளவு பேர் ஹாரன் அடிப்பார்கள் என்று நினைத்திருந்தால் ஓடையை ஓடட்டும் என்று விட்டிருப்பார்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் குடும்பக் குரூப்பில் தம்பி எழுதியிருந்தான்: "ட்ரிப் ஓகே. அண்ணன் சொன்ன கிளைமேட் இல்லை." அதற்குக் கீழே பதினான்கு பேர் அழுகிற பொம்மை போட்டிருந்தார்கள். என் மனைவியும் ஒன்று.

நானும் யோக்கியன் இல்லை. போன வைகாசியில் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புமுன் அதே தம்பிக்கு நாலு தடவை போன் போட்டேன், "அங்க வெயில் எப்படிப்பா?" என்று. மே மாத மதுரையில் வேறு என்ன அடிக்கும்?

இந்த வருஷக் கோடையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இதோ போன் அடிக்கிறது, தேனி நம்பர். நீங்களும் எப்படியும் வரத்தான் போகிறீர்கள். இ-பாஸை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்; வரும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவாருங்கள். இங்கே காய்க்காது.