நம்பரா, ஸ்ட்ரிங்கா?

ஜாவாவில் இது நம்பர், இது ஸ்ட்ரிங் என்று ஜாதகம் எழுதித் தராமல் எதுவும் நகராது. அந்தக் கெடுபிடி தாங்காமல்தான் நாங்கள் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஒதுங்கினோம். 1995-இல் பிரெண்டன் ஐக் 10 நாளில் உருவாக்கிய மொழி. யாரையும் எதுவும் கேட்காது. ஒரே வேரியபிளில் காலையில் விலை இருக்கும், மாலையில் வாடிக்கையாளர் பெயர் இருக்கும். 'டேட்டா', 'டேட்டா2', 'டேட்டாநியூ' மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

படிவத்தில் தட்டுவதெல்லாம் பிரவுசருக்கு ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்து வரிசை. பொருள் 1000 ரூபாய், கூரியர் 500. கூட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 1000500. பத்து லட்சத்து ஐந்நூறு! வாடிக்கையாளரே போன் போட்டுச் சொல்லிவிடுவார். டெஸ்டிங்குக்கென்று தனியாக ஆள் எடுக்காததற்கு அதுதான் காரணம்.

2012-இல் ஜாவாஸ்கிரிப்டுக்கும் டைப் எழுதும் வசதி தந்த டைப்ஸ்கிரிப்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. டர்போ பாஸ்கலும் சி ஷார்ப்பும் தந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்கின் கைவண்ணம். 'மறுபடியும் ஜாவாவா?' என்று சிரித்தோம். 2016-இல் ஆங்குலர் 2 ஃபிரேம்வொர்க் டைப்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டு வந்தது. அடுத்து வேலை விளம்பரங்களிலும் டைப்ஸ்கிரிப்ட் வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நாங்களும் மாறினோம். கோப்புப் பெயர்களின் வாலில் இருந்த 'ஜேஎஸ்'ஸை 'டிஎஸ்' ஆக்கினோம். 'ஸ்ட்ரிக்ட்' என்ற கறார் சோதனையை ஆன் செய்தால் எடிட்டர் முழுக்கச் சிவப்புக் கோடு. ஆஃப் செய்தோம். மிஞ்சிய சிவப்புக்கெல்லாம் 'எனி' போட்டோம்; அதைப் பார்த்தால் கம்பைலர் கேள்வி கேட்காது. மைக்ரேஷன் முடிந்தது என்று மேலிடத்துக்கு மெயில் போனது.

இப்போது ஸ்ட்ரிக்ட் ஆன். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அன்று ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றுவதென்றால் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு மாற்றுவோம், இன்று எங்கெங்கே உடைகிறது என்று கம்பைலரே பட்டியல் தருகிறது. இதற்காகவே மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று வரி ஃபங்ஷனுக்கு எட்டு வரியில் டைப் எழுதி, அதற்கு மேல் ஒரு கமென்டும் எழுதுகிறார்களே, அதையும் சேர்த்துத்தான். ஆனால் இந்த டைப்கள் பில்டில் கழன்றுவிடும். நாம் நம்பர் என்று எழுதி வைத்த இடத்துக்கு சர்வர் ஸ்ட்ரிங்கை அனுப்பினால் கூட்டுத்தொகை அதே 1000500. என்ன, இது டைப் சரிபார்க்கப்பட்ட 1000500. அதைப் பிடிக்க வாசலில் ஸாட் என்று இன்னொரு லைப்ரரி.

2023-இல் டர்போ என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் 8-ஆம் பதிப்பிலிருந்து டைப்ஸ்கிரிப்டையே தூக்கிவிட்டார்கள். அதைப் படித்த எங்கள் டீம் தம்பி ஒருவர், "டைப் இல்லாம எழுதினா எவ்வளவு ஃப்ரீயா இருக்கும் தெரியுமாண்ணா? ஒரு மாட்யூல்ல ட்ரை பண்ணலாமே" என்றார். ஜிராவில் டிக்கெட் போடச் சொன்னேன். பக் என்பதா, டாஸ்க் என்பதா, வகை சொல்லாமல் டிக்கெட்டே போட முடியவில்லை என்று திரும்பி வந்தார்.