கார்டுக் கரும்பு

ஆவணி அவிட்டத்துக்கு இங்கே பூணூல் மாற்றுகிற அதே பௌர்ணமியில், வடக்கே அண்ணன் தம்பிகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதுமாம். அக்காவோ தங்கச்சியோ வந்து ராக்கி கட்டி, பொட்டு வைத்து, வாயில் இனிப்பையும் ஊட்டிவிடுவாள். பதிலுக்கு ஒரு கவர். ரக்ஷாபந்தன் முடிந்தது. கயிற்றை நிறுத்துப் பார்த்தால் ஐந்து கிராம் தேறாது. அதை அனுப்புவதற்கென்றே அஞ்சல் துறை நனையாத உறை போட்டு விற்கிறது. பாடாலூரில் பிறந்தவனுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியாமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்த பாசத்தைக் கட்டுக் கணக்கிலும் மூட்டைக் கணக்கிலும்தான் அளப்பார்கள். பொங்கல் சீர் என்று பெயர். கயிறு இதிலும் உண்டு, மூட்டையைக் கட்ட.

பன்னீர்க் கரும்பு ஒரு கட்டு, இலையும் கிழங்குமாக மஞ்சள் கொத்து, ஒரு பானை, பச்சரிசி, வெல்லம், பரங்கிக்காய், வாழைத்தார், தேங்காய், அக்காவுக்குப் புடவை, மாமாவுக்கு வேட்டி. தலைப்பொங்கல் என்றால் பித்தளைப் பானை. வருஷம் ஆக ஆகப் பானை எவர்சில்வராகி, அதுவும் இளைத்து வரும். இந்தப் பட்டியலை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. ஒரு தேங்காய் குறைந்து பாருங்கள், தெருவுக்கே மனப்பாடம் என்பது தெரியவரும்.

எங்கள் வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு அயிட்டம் சின்ன வெங்காயம். செட்டிகுளம், பாடாலூர் பக்கத்துக் காடுகளில் வெங்காயத்தைத் தாளோடு பட்டறை போட்டு, மேலே கீற்றைச் சாத்தி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பார்கள். விலை இல்லாத வருஷம் சீரோடு ஒரு மூட்டை போனால், “இதைப் போய் எதுக்குத் தூக்கிட்டு வந்த?” என்பார்கள். 2019 டிசம்பரில் வெங்காயம் நூறு ரூபாயைத் தாண்டி ஓடியது. எங்கள் மாவட்டத்தில் விதைக்கு வைத்திருந்த வெங்காயத்தையே திருடர்கள் மூட்டை மூட்டையாகத் தூக்கிப்போய், பத்திரிகையில் எல்லாம் வந்தது. அடுத்து வந்த பொங்கலுக்கு அக்கா பட்டுப்புடவையைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, வெங்காயத்தை மட்டும் பீரோ இருக்கிற அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

அக்காவைக் கொடுத்தது அரியலூருக்கு அந்தப் பக்கம். பெண் கொடுக்கும்போது பையன் குணம், நிலம், கிணறு எல்லாம் பார்த்தார்கள். பஸ் ரூட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பாடாலூரில் நின்றால் திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் வண்டி வரிசையாகத்தான் போகிறது, நிற்பதுதான் அபூர்வம். அதிலும் போகி அன்று, தலைக்கு மேல் தோகை ஆட, கரும்புக் கட்டோடு நிற்கிற ஆளைத் தூரத்தில் கண்டதுமே டிரைவருக்குக் கால் தன்னால் ஆக்சிலேட்டரை அமுக்கிவிடும். கடைசியில் ஒரு டவுன் பஸ் இரக்கப்பட்டு நிற்கும். கட்டைப் பின்வாசல் வழியாக விட்டால் முன்வாசல் வரை போகும். அடிக்கட்டை கண்டக்டர் சீட்டில் இடிக்கும், தோகை முன் சீட்டு ஆயாவின் காதைக் குடையும்.

“கரும்புக்கு லக்கேஜ் போடணும்.”

“அண்ணே, அது சீருண்ணே. அக்காவுக்கு.”

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “எனக்கும் நாளைக்கு லால்குடிக்குக் கொண்டுபோவணும். ரெண்டு தங்கச்சி” என்றார், உருக்கமாகத்தான். சொல்லிக்கொண்டே லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அந்த பஸ் ஸ்டாண்டில் ஆண்பிள்ளைகளை இரண்டே ஜாதியாகப் பிரித்துவிடலாம்: கரும்பு கொண்டுபோகிறவர்கள், கரும்பு குத்தாமல் ஒதுங்குகிறவர்கள். பிறகு சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே ஒரு பயணம். வெள்ளை வேட்டி சாம்பல் நிறத்துக்கு வந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

உண்மையான சோதனை அங்கேதான். அக்காவின் மாமியார் வாசலிலேயே நிற்பார். “வாங்க தம்பி” என்று வாய் சொல்லும்போதே கண் கட்டை எண்ணி முடித்திருக்கும். ஒருமுறை கட்டிலிருந்து ஒரு கரும்பை உருவி, கணுவைக் கட்டைவிரலால் தடவி, அமைதியாகக் கேட்டார்:

“இது கடைக் கரும்பா, கார்டுக் கரும்பா?”

தமிழ்நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை புரியாது. பொங்கலுக்கு ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் பரிசுத் தொகுப்பு தருகிறது. 2024இல் பச்சரிசி 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, முழுக் கரும்பு ஒன்று, ரொக்கம் 1,000 ரூபாய். கரும்பை 6 அடிக்குக் குறையாமல் பார்த்து வாங்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு உத்தரவே உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் அதனாலேயே ஆறடிக் கரும்பு என்றால் கார்டுக் கரும்பு என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அண்ணன், தம்பி, சித்தப்பா என்று நாலு கார்டு உள்ள வீட்டில் நாலு கரும்பைத் தேற்றிக் கட்டி, அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிற சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்த அக்காவுக்கு அண்ணன் தமிழ்நாடு அரசுதான். மாமியாரிடம் டேப் கிடையாது. கரும்பை வாசல் நிலைக்கு எதிரே நிறுத்துவார். நிலையைத் தாண்டி நின்றால் கடைக் கரும்பு, குனியாமல் உள்ளே நுழைந்தால் கார்டுக் கரும்பு. அன்று என் கரும்பு நிலையில் இடித்தது. எனக்குப் போன உயிர் வந்தது.

இவ்வளவு எதற்கு, அந்தப் பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டால் ஆகாதா என்று என் மகன் கேட்கிறான். சென்னையில் வேலை பார்ப்பவன், கேட்பான். அவன் அத்தையிடமே கேட்கச் சொன்னேன். “பணம் வந்துச்சுன்னா போன்ல டிங்குன்னு சத்தம் வரும்டா. அது எனக்கு மட்டும்தான கேக்கும்?” என்றாள். கரும்பு என்றால் தெருமுனையிலிருந்தே தெரியும். வாசலில் சாத்தி வைத்தால் மாட்டுப் பொங்கல் வரை தெரியும். கேட்க ஆள் இருக்கிற பெண் என்பதற்கு எட்டடி உயரத்தில் அத்தாட்சி.

எங்கள் தெருவில் ஒரு ஐயர் வீடு இருந்தது. அங்கே மாட்டுப் பொங்கலன்று காலையில் கணுப்பிடி வைப்பார்கள். மஞ்சள் இலையில் மஞ்சள் சோறும் சிவப்புச் சோறும் பிடி பிடியாக வைத்து, கூடப்பிறந்தவர்கள் காக்கைக் கூட்டம் மாதிரி ஒற்றுமையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அண்ணன் தம்பிகளிடமிருந்து கணுவுக்கு மணியார்டர் வரும். காக்கைக்குச் சோறு, அண்ணனுக்குச் செலவு பணத்தோடு போயிற்று. நல்ல ஏற்பாடு. காக்கை கரும்பு கேட்பதில்லை.

சாமிகளே இதில் தப்பவில்லை. தீபாவளி கழிந்த இரண்டாம் நாள் யமத்துவிதியை. அன்று எமதர்மனே தங்கை யமுனை வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான் என்கிறது புராணம். எத்தனை பேர் வீட்டுக்கு அழைக்காமல் போகிறவன், இங்கே மட்டும் விருந்தாளி. மதுரையில் அழகர் கதை தெரிந்ததுதான். தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குச் சீரோடு கிளம்பி, வழியெல்லாம் மண்டகப்படிக்கு நின்று நின்று, வைகைக்கு வரும்போது தாலி கட்டி முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். சைவத் திருவிழாவையும் வைணவத் திருவிழாவையும் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் ஒன்றாகச் சேர்த்தார் என்று சரித்திரம் சொல்கிறது. எனக்கு ஜனங்கள் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது. வழியில் நாலு இடத்தில் நின்று பேசிவிட்டு, லேட்டாக வந்து, தானே கோபித்துக்கொள்கிற அண்ணனை எல்லாக் கல்யாண மண்டபத்திலும் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கேஸ் உண்டு. பாடாலூரிலிருந்து திருச்சிக்குப் போகிற வழியில் சமயபுரம். அங்கே இருக்கிற மாரியம்மன் ஸ்ரீரங்கம் ரங்கநாதருக்குத் தங்கை. தைப்பூசத்தன்று அம்மன் கொள்ளிடத்தின் வடகரைக்கு எழுந்தருள, ஸ்ரீரங்கம் கோயிலிலிருந்து பட்டுப்புடவை, மாலை, பழம், தாம்பூலம் என்று மேளதாளத்தோடு அண்ணன் சீர் வந்து சேர்கிறது. படுத்த படுக்கையை விட்டு எழாத பெருமாளே வருஷம் தவறாமல் அனுப்புகிறார் என்று எங்கள் வீட்டில் இதை எனக்கு அடிக்கடி நினைவூட்டுவார்கள். பொங்கல் போன பிறகுதான் தைப்பூசம் வரும், பெருமாளும் தவணை வாங்குகிறார் என்று நான் பதில் சொல்வேன்.

ஆனால் அந்தத் தலபுராணத்தில் வேறொரு சங்கதி இருக்கிறது. இந்த அம்மன் முதலில் வைஷ்ணவி என்று ஸ்ரீரங்கத்திலேயே இருந்தவள். உக்கிரம் தாங்கவில்லை என்று ஜீயர் சொல்லி, வெளியே கொண்டுபோய்க் கண்ணனூர் அரண்மனை மேட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். ஏழு பிராகாரம், ஊர் கொள்ளாத இடம், அதில் தங்கச்சிக்கு மட்டும் இடமில்லை. அதற்கு ஈடாக வருஷம் ஒரு பட்டுப்புடவை. அம்மன் அசரவில்லை. இன்றைக்குக் காணிக்கை வருமானத்தில் பழனிக்கு அடுத்தபடியாக அவளைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பூமலைமேல் இருக்கிற சஞ்சீவிராயருக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆஞ்சநேயருக்கு அக்கா, தங்கச்சி என்று நான் கேள்விப்பட்டதில்லை. வெண்ணெய்க் காப்பு, வடைமாலை என்று வரவுதான், செலவு கிடையாது.

மனிதர்கள் கதைக்கு வருவோம். எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. மக்காச்சோளமும் பருத்தியும் மழை பார்த்து விளையும். பெண்ணுக்குப் பங்கு என்ற பேச்சே அந்தக் காலத்தில் கிடையாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டார்கள். அது பாடாலூர் வந்து சேர அறுபது வருஷம் பிடித்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் சட்டமே வந்தது. ஆனால் அந்த மார்ச் 25க்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்குக் கிடையாது. அக்காவுக்கு அதற்கு முன்பே கல்யாணம். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் மூச்சு விட்டார்கள். 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, கல்யாணமான பெண்ணும் கணக்கில் வந்தாள். மூச்சு பாதியில் நின்றது. அப்பா 2005க்கு முன்பே இறந்துவிட்டாரே என்று ஒரு பிடி மட்டும் மிச்சம் இருந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று, அப்பன் உயிரோடு இருந்தானா என்பதெல்லாம் கேள்வியே இல்லை, மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

அடுத்த பொங்கலுக்குச் சீரோடு போனபோது, அக்கா வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில், கரண்ட் பில் குத்துகிற கம்பியில் ஒரு பேப்பர் கட்டிங் தொங்கியது. அந்தத் தீர்ப்புச் செய்திதான். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கரும்பை மட்டும் அந்த வருஷம் அவளே எண்ணினாள். அன்றைக்குத்தான் எனக்குச் சீர்க் கணக்கு தெளிவாயிற்று. அக்கா பங்கு ஒரு ஏக்கர். நான்குவழிச் சாலை வந்த பிறகு எங்கள் ஊரில் ஏக்கர் என்று யாரும் சொல்வதில்லை, சதுர அடிதான். அதை நான் உழுகிறேன், நான் விற்கிறேன், வருஷத்துக்கு ஒரு கட்டுக் கரும்பும் வேட்டி புடவையும் கொடுத்துவிட்டு வரும்போது நாலு பேர் “அக்காவுக்கு ஒரு குறை வைக்காத பிள்ளை” என்கிறார்கள். இதைவிடச் சல்லிசான ஏற்பாடு எந்த பேங்கில் கிடைக்கும்? கரும்பை எண்ணுகிற அக்காளைப் பேராசைக்காரி என்கிறவர்கள் ஒருநாள் பட்டாவையும் எடுத்துப் பார்க்கட்டும்.

இருந்தாலும் ஊர் வழக்கம் விடுமா? சொந்தக்காரர்கள் நச்சரித்து, ஒருநாள் அக்காவும் மாமாவும் நானும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் போய் உட்கார்ந்தோம். அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது என்றார் எழுத்தர். 2023 ஜூலைக்கு முன் வந்திருந்தால் 25,000தான் உச்சவரம்பு, தாமதம் பண்ணிவிட்டீர்கள் என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். பிறகு கம்ப்யூட்டரில் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றினார். “அன்பினாலும் பாசத்தினாலும்” என்ற வரி ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது.

அக்கா குறுக்கிட்டாள். “அதுக்குக் கீழ இதையும் எழுதுங்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு கட்டுக் கடைக் கரும்பு, ஒரு மூட்டை வெங்காயம். நான் இருக்கறவரைக்கும்.”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. நெலத்துக்காக வருஷம் இன்னது தரணும்னு போட்டா அப்பறம் அது குத்தகை கணக்கா ஆயிடும்.”

“இப்ப மட்டும் என்னவாம்?” என்றாள் அக்கா.

முதலில் சிரித்தது மாமாதான். பத்திரம் எழுதவில்லை. நிலம் அப்படியே கிடக்கிறது, சீரும் போய்க்கொண்டிருக்கிறது. அன்று எழுத்தரின் நேரத்துக்காக நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. வாசல் வரை கூடவே வந்து, அக்காவுக்குக் கேட்காத தூரத்தில் நிறுத்திக் கேட்டார்:

“எனக்குத் துறையூர்ல ஒரு தங்கச்சி சார். நீங்க கட்டு என்ன வெலைக்கு எடுக்கறீங்க?”