கோட்டுப் பொத்தானும் பன்னிரு பவுண்டுப் பீரங்கியும்

இரண்டரை சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத வீரர்களை மேசைமீது அணிவகுத்து, அளவுநாடாவும் பகடையும் கொண்டு போர் நடத்தும் விளையாட்டில், காலாட்படையைக் கடையில் வாங்குவதும் பீரங்கிப்படையை வீட்டுக் குப்பையிலிருந்து திரட்டுவதும் நெடுநாள் வழக்கமாகும். இவ்விளையாட்டுக்கு 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை எழுதிய எச்.ஜி.வெல்ஸ், சுருள்வில்லின் விசையால் ஓர் அங்குல மரத்துண்டை எறியும் கடைப் பீரங்கியையே பயன்படுத்தியதால், இவ்வாய்வுக்கு அவரால் பெரிய உதவியில்லை.

கையால் பீரங்கி செய்வோர் முதலில் நாடுவது தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் உடலையே. ஆயினும் 1:72 என்னும் அளவுவீதத்தில், அதாவது மெய்ப்பொருளின் எழுபத்திரண்டில் ஒரு பங்காகப் பொம்மை அமையும் முறையில், 6 மி.மீ. உட்துளை உள்ள பேனா 432 மி.மீ. வாயுடைய பீரங்கியாகிவிடுகிறது. 1914இல் லியேஜ் கோட்டைகளை நொறுக்கிய ஜெர்மானியரின் 'பிக் பெர்த்தா'வுக்கே வாய் 420 மி.மீ.தான் என்பதால், அதனினும் பெரியதொன்றை நெப்போலியனின் கையில் கொடுப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். அவருடைய பன்னிரு பவுண்டுப் பீரங்கியின் வாய் 121 மி.மீ.; அதை எழுபத்திரண்டால் வகுத்தால் வரும் 1.7 மி.மீ., பேனாவின் உடலில் அன்று, உள்ளிருக்கும் ரீஃபிலின் துளையில்தான் ஏறத்தாழப் பொருந்துகிறது.

சரியான அளவுடைய அந்த ரீஃபிலோ பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனால் ஆனது. அது பசையையும் ஏற்காது, பெயின்ட்டையும் ஏற்காது. எஞ்சிய மையைக் குழாயிலிருந்து ஊதி வெளியேற்ற முயல்வோர், எதிரிப்படை களமிறங்குமுன்பே நீல உதட்டுடன் முதல் சேதத்தை அடைகின்றனர். மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் அறுத்த துண்டின்மீது பசை தடவிய மெல்லிய காகிதப் பட்டையை இறுகச் சுற்றி, பின்புறத்தில் மட்டும் கூடுதலாகச் சில சுற்று சுற்றினால், பசை காகிதத்தையே பற்றிக்கொண்டு கவசம்போல் காய்ந்துவிடுவதோடு, வெடிமருந்து வைக்கும் பின்பகுதி பருத்தும் வாய்ப்பகுதி ஒடுங்கியும் உள்ள உண்மைப் பீரங்கியின் சாயலும் தானே வந்துவிடுகிறது.

ஆனால் உண்மையான இடர் குழலில் இல்லை, சக்கரத்தில் உள்ளது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள பீரங்கிச் சக்கரம் இவ்வளவில் 20 மி.மீ. ஆகும், சட்டைப் பொத்தான் இதற்குச் சிறியது, கோட்டின் முன்பொத்தானோ கனகச்சிதம். ஆரக்கால்களுக்குப் பதில் நான்கு துளைகளே தெரிவதைச் சேறு பூசி மறைப்பது மரபு. உலர்ந்த நிலத்தில் நடந்த போர்களிலும் பொம்மைப் பீரங்கிகள் அச்சுவரை சேறாக நிற்பதன் காரணம் இதுவே.

எட்டுப் பீரங்கி கொண்ட ஒரு பிரெஞ்சுப் பிரிவுக்குப் பதினாறு பொத்தான் வேண்டும். மூன்று பொத்தான் கோட்டாயின் ஆறு கோட்டுகள் இழப்பாகும். பீரங்கியைக் கோத்து இழுக்கும் முன்வண்டிக்குச் சற்றே சிறிய சக்கரம் தேவைப்படுவதால், அந்த ஆறு கோட்டுகளின் கைப்பொத்தான்களும் வீணாவதில்லை.